தமிழ்ப் பாட்டு வந்தால் மட்டும் சாகும் பட்டை

போன வாரம் குன்னூரிலிருந்து நண்பன் வந்திருந்தான். என் லேப்டாப் திரையின் மேல்விளிம்பில் ஓடும் பட்டையைப் பார்த்துவிட்டு, "டேய், நல்லா இருக்குடா, எனக்கும் போட்டுக் கொடு" என்றான். போடலாமா கூடாதா என்று ஒரே வார்த்தையில் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பட்டையின் பெயர் வேபார். லினக்ஸில் பேட்டரி, கிழமை, ஓடும் பாட்டு எல்லாவற்றையும் ஒரே வரியில் காட்டும் நிரல். திரையில் ஜன்னல்களை அடுக்கித்தரும் ஸ்வே என்ற நிரலோடு சேர்த்து இரண்டு வருடமாக வைத்திருக்கிறேன். என்ன காட்ட வேண்டும் என்பதை ஒரு ஜேசன் கோப்பிலும், எப்படித் தெரிய வேண்டும் என்பதை ஒரு சிஎஸ்எஸ் கோப்பிலும் நாமே எழுதிவைக்க வேண்டும்.

கோத்தகிரியில் இருப்பவனுக்கு இந்தப் பட்டையில் முதலில் வேண்டியது பேட்டரி. ஐப்பசி பிறந்து வடகிழக்கு மழை பிடித்தால் எங்காவது மரம் விழும், கரண்ட் போகும். என்னுடையது பழைய திங்க்பேட் லேப்டாப். உள்ளே ஒரு பேட்டரி, வெளியே ஒரு பேட்டரி. யாரோ எழுதி வைத்திருந்த அமைப்பை நகலெடுத்ததில், உள்ளே இருக்கும் பேட்0 என்பதை மட்டும் காட்டச் சொல்லும் ஒரு வரியும் சேர்ந்துவிட்டது. இதில் முதலில் இறங்குவது வெளியே இருக்கும் பேட்1. கரண்ட் போய் இரண்டு மணி நேரம் கழித்தும் பட்டை நூறு சதவீதம் என்றது. ஆகா, என்ன பேட்டரி என்று பூரித்துப்போனேன்! அந்த ஒரு வரியை நீக்கியதும் இரண்டையும் கூட்டிச் சரியாகக் காட்டியது. தப்பு என்னுடையது, பட்டையைத் திட்டியதும் நான்தான்.

என் தூக்கத்தைக் கெடுத்தது வேறு. ஓடும் பாட்டின் பெயர் பட்டையில் தெரிய ஸ்கிரிப்ட் என்று சொல்லும் சின்ன நிரல் ஒன்று எழுதியிருந்தேன். ஓடும் பாட்டின் விவரம் சொல்லும் பிளேயர்சிடிஎல் கட்டளை தரும் பெயரை 'கட்' கட்டளையால் நாற்பது எழுத்துக்கு வெட்டி அனுப்பும். இங்கிலீஷ் பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை. தமிழ்ப் பாட்டு வந்தால் பட்டை மொத்தமாகச் செத்துவிடும். அதிலும் எல்லாப் பாட்டுக்கும் இல்லை. ஒரு வாரம் வெயில், மழை, கிராபிக்ஸ் டிரைவர் என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன்.

கடைசியில் கட்டளை அடிக்கும் டெர்மினலில் பட்டையை ஓட்டிப் பார்த்தபோதுதான் யுடிஎஃப்-8 பிழை என்று ஒரு வரி கண்ணில் பட்டது. யுடிஎஃப்-8 என்பது எழுத்துகளைக் கணினி பைட்டுகளாகச் சேமிக்கும் முறை. என் கணினியில் இருக்கும் 'கட்', எழுத்துக் கணக்கில் வெட்டச் சொன்னாலும் பைட்டைத்தான் எண்ணுகிறது. யுடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். இடைவெளிக்கு ஒன்று. முதல் நாற்பது பைட்டுக்குள் ஒரே ஒரு இடைவெளி இருந்தால் மீதி 39. மூன்றால் வகுபடும், பட்டை பிழைக்கும். இரண்டு இடைவெளி என்றால் 38. கடைசி எழுத்து பாதியில் அறுபடும், பட்டை காலி. என் பட்டையின் ஆயுளைத் தீர்மானித்தது பாட்டின் தலைப்பில் எத்தனை சொல் என்பதுதான்! கண்டுபிடித்த ராத்திரி சிரித்த சிரிப்பில் அம்மா எழுந்து வந்து பார்த்தார்.

சரி என்று, வெட்டும் வேலையை பைத்தான் நிரல்மொழிக்கு மாற்றினேன். சாவு நின்றது, ஆனால் "தென்றல்" புள்ளி போய் "தென்றல" என்று நின்றது. பைத்தானுக்கு ல் என்பது இரண்டு குறி: ல ஒன்று, மேலே புள்ளி ஒன்று. நடுவில் வெட்டுகிறோம் என்று அதற்குத் தெரியாது. அதைச் சரிசெய்ய ஒரு தனி நூலகம், இன்னும் இருபது வரி. அப்புறம்தான் வேபாரின் ஆவணத்தைப் பொறுமையாகப் படித்தேன். மேக்ஸ்-லெங்த் என்று ஒரு அமைப்பு இருக்கிறது. அதில் 30 என்று கொடுத்தால் வேபாரே, எழுத்துகளைத் திரையில் அடுக்கும் பாங்கோ நூலகத்தை வைத்து, உயிர்மெய் உடையாமல், மூன்று புள்ளி போட்டு அழகாகச் சுருக்குகிறது. என் ஸ்கிரிப்டில் வெட்டும் வேலையே தேவையில்லை. இருபது வரியையும் அழித்தேன்.

அன்றிலிருந்து ஒரு தடவைகூட விழவில்லை. நோட்டோ எழுத்துருவில் கிழமை தமிழில் வருகிறது, பாட்டுப் பெயர் தமிழில் வருகிறது. இவ்வளவு அழகான பட்டையை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

நண்பனிடம் வேண்டாம் என்றே சொன்னேன். அவன் வைத்திருப்பது உபுண்டு லினக்ஸ், அதில் க்னோம் என்ற டெஸ்க்டாப். இப்படிப்பட்ட பட்டை திரை விளிம்பில் இடம்பிடித்து நிற்கத் தேவையான லேயர்-ஷெல் நெறிமுறை க்னோமில் கிடையாது. ஒரு பட்டைக்காக மொத்த டெஸ்க்டாப்பையும் மாற்ற வேண்டும், அப்புறம் ராத்திரி பத்து மணிக்கு எனக்குத்தான் போன் வரும். "அப்ப நீ மட்டும் வச்சுக்குவ" என்று முறைத்தான்.

வைத்துக்கொள்வேன். வேபாரின் புதிய பதிப்பு வந்து கிடக்கிறது. மழை விடும்வரை அதைத் தொடப்போவதில்லை.