லீடுக்கு எது, ரிதத்துக்கு எது: கிட்டார் பிக்கப்புகள் நேருக்கு நேர்

பிக்கப்பை, அதாவது கம்பியின் அதிர்வை மின் சமிக்ஞையாக மாற்றும் கிட்டார் உறுப்பை, மாற்றப் போகிறேன் என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது இதுதான்: ஒரு பாட்டில் எவ்வளவு நேரம் லீட், அதாவது தனித்து ஒலிக்கும் மெட்டு, வாசிக்கிறீர்கள்? நான்கு நிமிடப் பாட்டில் சோலோ பெரும்பாலும் அரை நிமிடம். மீதி நேரம் முழுக்க கார்டு அடித்துப் பாட்டைத் தாங்கும் ரிதம்தான். ஆனால் கடைக்குப் போகும்போது மனதில் ஓடுவது அந்த அரை நிமிடம் மட்டும்தான். நானும் அப்படித்தான் ஒருமுறை செராமிக் காந்தம் வைத்த, அவுட்புட் மிக அதிகமான ஒரு ஹம்பக்கரை (இரண்டு காயில் கொண்ட பிக்கப்) வாங்கி பிரிட்ஜில், அதாவது உடலில் கம்பிகள் முடியும் பக்கத்தில், போட்டேன். வீட்டில் தனியாக வாசித்தபோது சோலோ அருமையாகப் பாடியது. பேண்டோடு சேர்ந்ததும், பல சுரம் சேர்ந்த கார்டுகளெல்லாம் குழைந்த சாதம்போல ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. கீபோர்டு நிற்கும் இடத்திலேயே என் கிட்டாரும் போய் நின்றது. அன்றிலிருந்து எந்த பிக்கப்பையும் முதலில் ரிதத்தில்தான் சோதிக்கிறேன். இந்த ஒப்பீடும் அந்த வரிசையில்தான்.

சிங்கிள் காயிலில் இருந்து தொடங்கலாம். காந்தத் துண்டுகளைச் சுற்றித் தலைமுடி அளவுக்கு மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றினால் அதுதான் சிங்கிள் காயில். 1954-இல் வந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் இப்படி மூன்று இருந்தன. இதன் பெரிய பலம், கார்டு அடிக்கும்போது ஆறு கம்பியும் தனித்தனியாகக் காதில் விழுவது. மேல் சுரங்கள் மழுங்காமல் வருவதால், பேஸ், டிரம்ஸ், கீபோர்டு எல்லாம் முழங்கும்போதும் உங்கள் ஸ்ட்ரம் அந்தக் கூட்டத்துக்கு மேலே கேட்கும். ஃபங்க் பாணியில் வெட்டி வெட்டி அடிக்கும் ரிதத்துக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியாது.

எந்த பிக்கப் ஒலிக்க வேண்டும் என்று ஒரு சுவிட்சால் தேர்ந்தெடுக்கலாம். அதிலும் ஸ்ட்ராட்டின் இரண்டாவது, நான்காவது சுவிட்ச் நிலைகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் அதில் மூன்று நிலை சுவிட்ச்தான் இருந்தது. வாசித்தவர்களே சுவிட்சை இடையில் நிறுத்தி, இரண்டு பிக்கப் சேர்ந்து ஒலிக்கும் அந்தப் பளிங்கு போன்ற சத்தத்தைக் கண்டுபிடித்தார்கள். 1977-இல்தான் ஃபெண்டர் ஐந்து நிலை சுவிட்சையே பொருத்தியது. இன்று கிடைக்கும் பல செட்டுகளில் நடு பிக்கப் எதிர்த்திசையில் சுற்றப்பட்டு, காந்தமும் தலைகீழாக வைக்கப்பட்டிருக்கும். அதனால் அந்த இரண்டு நிலைகளிலும் இரைச்சல் கிட்டத்தட்ட மறைந்துவிடும்.

மற்ற நிலைகளில் மறையாது. சிங்கிள் காயிலின் குறையே அதுதான். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அந்த 50-உம் அதன் மடங்குகளும் காயிலுக்குள் புகுந்து ‘ம்ம்ம்’ என்று நிற்கும். பழைய டியூப்லைட் சோக்கோ, மின்விசிறி ரெகுலேட்டரோ பக்கத்தில் இருந்தால் இன்னும் மோசம். ஆம்பில் கெயினை, அதாவது சமிக்ஞையைப் பெருக்கும் அளவை, ஏற்ற ஏற்ற இரைச்சலும் ஏறும். லீடில் இன்னொரு சிக்கல்: பிரிட்ஜ் சிங்கிள் காயிலில் மேல் இரண்டு கம்பிகளின் ஒலி மெலிந்து, ஊசிபோலக் குத்தும். ஆனால் கிட்டாரின் கழுத்துப் பக்கம் இருக்கும் நெக் சிங்கிள் காயிலில் லீட் வாசித்துப் பாருங்கள். கம்பியை வளைக்கும்போது மனிதக் குரலுக்குப் பக்கத்தில் வரும் ஓர் உருண்டை அதில் இருக்கிறது. நிதானமான சோலோக்களுக்கு என் கை முதலில் அங்கேதான் போகும்.

ஹம்பக்கர் பிறந்ததே அந்த இரைச்சலைக் கொல்லத்தான். கிப்ஸனில் வேலை பார்த்த செத் லவர் 1955-இல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1957-இல் லெஸ் பால் கிட்டார்களில் வந்தது. இரண்டு காயில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றின் காந்த முனையையும் சுற்றின் போக்கையும் மாற்றிவிட்டார். கம்பியின் அதிர்வு இரண்டிலும் கூடுகிறது. வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. கூடவே இன்னொன்றும் நடக்கிறது. கம்பியின் இரண்டு இடங்களை ஒரே நேரத்தில் கேட்பதாலும், காயில் பெரிதாவதாலும், உச்சி ஒலிகள் குறைந்து நடுப்பகுதி தடிக்கிறது. லீட் வாசிப்பவர்களுக்கு அந்தத் தடிப்பே வரம். சுரம் நீண்டு நிற்கும், மேல் கம்பிகளும் மெலியாது.

ஹம்பக்கர் என்று பொதுவாகச் சொல்வதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அதில் இரண்டு குடும்பங்கள் உண்டு. ஒன்று, பி.ஏ.எஃப் (‘காப்புரிமைக்கு விண்ணப்பித்தது’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) எனப்படும் அந்த ஐம்பதுகளின் வகை: அல்நிக்கோ என்ற உலோகக் கலவைக் காந்தம், மின்தடை ஏழரை முதல் எட்டரை கிலோ ஓம் வரையில் மிதமான சுற்று. இன்னொன்று, 1972-இல் டிமார்ஸியோவின் சூப்பர் டிஸ்டார்ஷன் தொடங்கிவைத்த சூடான வகை: அதிகச் சுற்று, பல சமயம் செராமிக் காந்தம். இந்தச் சூடான வகை ஆம்பின் உள்ளீட்டிலேயே மோதி ஒலியை உடைக்கும், அதாவது கரகரக்க வைக்கும். உள்ளங்கையை வைத்து அடக்கி அடிக்கும் மெட்டல் ரிஃபுக்கு அந்த இறுக்கம் நன்றாக ஒத்துவரும். ஆனால் திறந்த கார்டுகளையும் ஏழாம், ஒன்பதாம் சுரம் சேர்ந்த கார்டுகளையும் அதில் வாசித்தால் எந்த விரல் எந்தச் சுரத்தில் இருக்கிறது என்றே தெரியாது. பி.ஏ.எஃப் வகை அப்படியில்லை. கிட்டாரின் வால்யூமை ஏழுக்கு இறக்கினால் ரிதம் தெளிந்து வரும், பத்துக்கு ஏற்றினால் லீட் எழுந்து நிற்கும். ஒரே பிக்கப்பில் இரண்டு வேலையும் முடியும். எனக்கு இது ஒன்றே போதும் என்று தோன்றிய நாட்கள் உண்டு.

ஓம் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. எண் பெரிதானால் சத்தம் பெரிது என்று விளம்பரத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மெல்லிய கம்பியில் சுற்றினாலே ஓம் ஏறிவிடும். சத்தம் அதே அளவுக்கு ஏறாது. காந்தத்தின் வகையையும் சேர்த்துப் பார்த்தால்தான் பிக்கப்பின் குணம் பிடிபடும்.

1946-இல் வந்த பி-90 இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதுவும் சிங்கிள் காயில்தான், ஆனால் அகலமான தட்டைச் சுற்று. காந்தம் அடியில் படுத்திருக்கும். ஆம்ப் லேசாக உடையும் கெயினில் ரிதம் அடித்தால் கரகரப்போடு ஓர் அடித்தளம் கிடைக்கும். கனமான இசைக்கு ஹம்பக்கர் கட்டாயம் என்பவர்களுக்கு ஒரு தகவல்: ஹெவி மெட்டல் குழுவான பிளாக் சாபத்தின் முதல் ஆல்பத்தில் டோனி அயோமி பெரும்பாலும் வாசித்தது பி-90 உள்ள கிப்ஸன் எஸ்ஜி கிட்டாரில். இரைச்சல் மட்டும் இதிலும் உண்டு. ஸ்ட்ராட் குழியில் நேராக உட்காராது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

இஎம்ஜி 81 போன்ற ஆக்டிவ் பிக்கப்புகள் 9 வோல்ட் பேட்டரியில் ஓடும். சத்தம் சுத்தமாக, ஒரே மட்டத்தில் வரும். மெட்டல் மட்டுமே வாசிப்பவர் என்றால் தயங்க வேண்டாம். விரலின் அழுத்தத்தில் சத்தம் மாற வேண்டும் என்று நினைப்பவருக்கு அது அலுத்துவிடும்.

சரி, ஒரே கிட்டாரோடு பல வகைப் பாட்டும் வாசிப்பவருக்கு என் தேர்வு எது? பிரிட்ஜில் பி.ஏ.எஃப் வகை ஹம்பக்கர், நடுவிலும் நெக்கிலும் சிங்கிள் காயில். எச்எஸ்எஸ் என்று கேட்டாலே கடையில் காட்டுவார்கள். ரிதத்துக்கு நான்காவது நிலை, வேகமான லீடுக்கு பிரிட்ஜ், நிதான லீடுக்கு நெக். இதில் ஒரு சமரசம் இருக்கிறது: வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் இருக்கும் மாறும் மின்தடைதான் பாட். சிங்கிள் காயிலுக்குப் பழக்கம் 250 கே (கிலோ ஓம்) பாட், ஹம்பக்கருக்கு 500 கே. 250 போட்டால் ஹம்பக்கர் கொஞ்சம் மங்கும், 500 போட்டால் சிங்கிள் காயில் கொஞ்சம் கீறும். நான் 500 போட்டுவிட்டு, சிங்கிள் காயிலுக்கு டோன் குமிழைச் சற்று இறக்கிக்கொள்கிறேன். ஹம்பக்கரை ஸ்பிளிட் செய்தால், அதாவது ஒரு காயிலை மட்டும் ஒலிக்க விட்டால், சிங்கிள் காயில் கிடைக்குமே என்று கேட்பார்கள். பி.ஏ.எஃப் வகையில் ஒரு காயிலில் சுற்று குறைவு. தனியாக விட்டால் சோர்ந்து ஒலிக்கும். ஸ்பிளிட் முக்கியம் என்றால் சூடான வகைதான் அதற்குத் தோதானது.

பணம் எடுப்பதற்கு முன்னால் இருக்கும் பிக்கப்பின் உயரத்தை ஒரு ஸ்க்ரூடிரைவரால் மாற்றிப் பாருங்கள். கடைசி ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திப் பிடித்து அளக்க வேண்டும். கிப்ஸன் வகை ஹம்பக்கருக்கு பிரிட்ஜில் 1.6 மி.மீ, நெக்கில் 2.4 மி.மீ இடைவெளி என்று தொடங்கலாம். ஸ்ட்ராட்டில் நெக் பிக்கப்பை மிகவும் ஏற்றிவிட்டால் அதன் காந்தங்கள் தடித்த கம்பிகளை இழுத்து, மேல் ஃப்ரெட்டுகளில் சுரம் பிசகும். அரைத் திருகல் இறக்கிவிட்டு அதே கார்டை மறுபடி அடியுங்கள், இந்த முறை பேஸ் வாசிப்பவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு.