ட்ரையல் நம்பர் கேட்டுப் பாருங்கள்: சிடிஆர்ஐ தளம் பற்றி

என் வீட்டுக்காரர் மதுரை செல்லூரில் முப்பது வருடம் தறி நெய்தவர். முதலில் முரண்டு பிடித்தது அவர் கண். பார்வை நன்றாகத்தான் இருந்தது, கீழே மட்டும் இறங்காது. அறுந்த இழையைத் தேட தலையையே கவிழ்ப்பார். அப்புறம் நின்ற வாக்கில் பின்பக்கமாக விழ ஆரம்பித்தார். பார்க்கின்சன் என்று கொடுத்த மாத்திரை கேட்கவில்லை. ஒன்றரை வருடம் கழித்துத்தான் அது புரோகிரசிவ் சுப்ராநியூக்ளியர் பால்சி, சுருக்கமாக பிஎஸ்பி, என்ற மூளை நோய் என்று தெரிந்தது. லட்சம் பேரில் ஐந்தாறு பேருக்கு வருமாம். நோயை நிறுத்த மருந்து கிடையாது.

மருந்து இல்லை என்று தெரிந்ததும் வீடு தேடி ஆள் வந்துவிடுகிறது. “ஸ்டெம் செல் ட்ரையல்மா, மூணு லட்சம் கட்டுனா சேத்துக்குவாங்க” என்றார் ஒருவர். நகையை எடுத்து எடை கூடப் பார்த்துவிட்டேன். அண்ணன் மகன்தான், “பொறுங்க அத்தை, ட்ரையல் நம்பரைக் கேளுங்க” என்று சிடிஆர்ஐ (கிளினிகல் ட்ரையல்ஸ் ரெஜிஸ்ட்ரி – இந்தியா) தளத்தைத் திறந்து காட்டினான். மனிதர்களிடம் நடத்தும் மருந்து ஆய்வுகளை, அதாவது ட்ரையல்களை, பதிந்து நம்பர் கொடுக்கும் இடம் அது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) நடத்தும் இந்தப் பதிவேடு 2007-இல் தொடங்கியது. மருந்து ஆய்வுகளை இதில் பதிவது 2009 ஜூனிலிருந்து கட்டாயம். பார்க்கக் காசு கிடையாது. எந்த ஆஸ்பத்திரியில் நடக்கிறது, ஆய்வு நியாயமானதா என்று பார்க்கும் எந்த எத்திக்ஸ் கமிட்டி அனுமதித்தது, இன்னும் ஆள் எடுக்கிறார்களா, யாரைச் சேர்ப்பார்கள், யாரைச் சேர்க்க மாட்டார்கள் எல்லாம் இருக்கிறது. பொதுமக்கள் கேள்வி கேட்க ஒருவரின் பெயரும் போன் நம்பரும்கூட. எனக்கு மிகவும் உதவியது இதுதான். விவரம் ஆங்கிலத்தில், பையன் படித்துச் சொல்லச் சொல்லக் கேட்டேன்.

மூன்று லட்சத்துக்காரரிடம் நம்பர் கேட்டேன். “ப்ராசஸ்ல இருக்கும்மா” என்றார். சரிதான். உண்மையான ஆய்வில் சோதிக்கிற மருந்துக்கு நோயாளியிடம் காசு வாங்க மாட்டார்கள். ஆய்வால் பாதிப்பு வந்தால் இலவச வைத்தியம், இழப்பீடு என்று மருந்து ஆய்வுக்கான 2019 விதிகளே சொல்கின்றன. நகை திரும்பப் பீரோவுக்குப் போனது.

ஆனால் பதிவில் இருப்பதாலேயே மருந்து வேலை செய்யும் என்று நினைத்துவிடாதீர்கள். மூளையில் சேரும் டௌ என்ற புரதத்தைக் குறிவைத்து வெளிநாட்டில் பிஎஸ்பிக்குச் சோதித்த கோசுரனெமாப், டிலாவோனெமாப் இரண்டுமே 2019-இல் பலனில்லை என்று நின்றுபோனவை. ஒரு பாதிப் பேருக்கு மருந்து, மறுபாதிக்கு வெறும் டம்மி ஊசி என்றெல்லாம் வைப்பார்கள். எது யாருக்கு என்று சொல்ல மாட்டார்கள். அதைக் கேட்டு இவர் குழறிக் குழறிச் சிரித்தார்: “நமக்கு டம்மிதான் விழும்.”

நாங்கள் பார்த்தவரை இவருக்கு ஒத்துவரும் ஆய்வு மதுரையில் இல்லை. நோய் வந்து சில வருடத்துக்குள் இருக்க வேண்டும், கொஞ்சம் பிடித்துக்கொண்டாவது நடக்க வேண்டும் என்று நிபந்தனை வைக்கிறார்கள். இவருக்கு இப்போது வாக்கரோடு ஒரு ஆளும் வேண்டும். முன்னாலேயே தேடியிருக்கலாம்.

இந்தத் தளத்துக்கு நான் ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். தமிழில் இருந்தால் அந்த ஒன்றையும் போட்டிருப்பேன். தேடும்போது நோயின் முழுப் பெயரையும் ஆங்கிலத்தில் எழுத்துப் பிசகாமல் போடுங்கள். எங்கள் வீட்டில் அது காலண்டருக்குப் பின்னால் எழுதி இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி பையன் வந்து அதைப் பார்த்துத்தான் அடிக்கிறான்.