பிளக்-இன் ஹைபிரிடா, சாதாரண ஹைபிரிடா?

இரண்டு வகைக் கார்களிலும் பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் உண்டு. வித்தியாசம் பேட்டரியில்தான்.

பேட்டரி
சாதாரணம்: பெரும்பாலும் 1 முதல் 2 யூனிட் (கிலோவாட்-மணி) கொள்ளளவு. ஓட்டத்திலும் பிரேக்கிலும் தானே ஏறும்.
பிளக்-இன்: பொதுவாக 10 முதல் 20 யூனிட். சுவர் பிளக்கில் ஏற்ற வேண்டும். 2.3 கிலோவாட் வேகத்தில் 13 யூனிட் ஏற ஆறேழு மணி நேரம்.

ஓட்டச் செலவு
சாதாரணம்: லிட்டர் விலையைக் கிடைக்கும் மைலேஜால் வகுத்தால் கிலோமீட்டர் செலவு.
பிளக்-இன்: சார்ஜிங் இழப்பையும் சேர்த்து கிலோமீட்டருக்குச் சுமார் 0.2 யூனிட். அதை யூனிட் விலையால் பெருக்கினால் கிலோமீட்டர் செலவு. கூடுதல் வாங்கும் விலையை, ஒரு கிலோமீட்டரில் மிச்சமாகும் தொகையால் வகுத்துப் பாருங்கள். எத்தனை கிலோமீட்டர் மின்சாரத்தில் ஓடினால் அந்தக் கூடுதல் பணம் திரும்பும் என்பது தெரியும். சார்ஜே போடாவிட்டால் கணக்கு தலைகீழாகிவிடும்: காலியான பேட்டரியின் எடையையும் பெட்ரோல்தான் இழுக்கும். ஐரோப்பிய ஆணையம் 2024-இல் வெளியிட்ட தரவில், பிளக்-இன் கார்களின் உண்மையான கார்பன் வெளியீடு ஆய்வக அளவைப்போல் சராசரியாக 3.5 மடங்கு. ஆய்வகத்தில் அளந்த மைலேஜ் எண்ணை நம்பி வாங்காதீர்கள்.

பராமரிப்பு
சாதாரணம்: வழக்கமான சர்வீஸ்.
பிளக்-இன்: எஞ்சின் அரிதாக ஓடினாலும் ஆயிலைக் காலக்கெடுப்படி மாற்ற வேண்டும். டேங்கில் மாதக்கணக்கில் கிடக்கும் பெட்ரோல் கெடும், கொஞ்சமாக நிரப்புங்கள். கடுங்குளிரில் ஹீட்டருக்காகவே பல மாடல்களில் எஞ்சின் கிளம்பும்.

டிக்கி இடம்: பல மாடல்களில் பிளக்-இன்னில் குறைவு.

நிறுத்துமிடத்திலேயே பிளக் உண்டு, தினசரி ஓட்டம் 40 கிலோமீட்டருக்குள் என்றால் பிளக்-இன். தெருவில் நிறுத்துபவருக்கும் நெடுஞ்சாலையே கதி என்பவருக்கும் சாதாரண ஹைபிரிட்.