தாராவி வகுப்பில் பீ-பாட் ரோபோ: ஓராண்டு அனுபவம்

மும்பை தாராவியில் தொண்ணூறு அடிச் சாலையை ஒட்டிய ஓர் அறையில் மாலை நேரத்தில் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் நான், மூன்றாம் வகுப்பு வரை படிக்கும் 18 பேருக்காக ஓராண்டுக்கு முன் 2 பீ-பாட் ரோபோக்களை வாங்கினேன். தேனீ வடிவிலான இந்த ரோபோவின் முதுகிலேயே பொத்தான்கள் இருக்கின்றன. திரையோ கைபேசியோ தேவையில்லை. கட்டளைகளை வரிசையாக அழுத்திவிட்டுக் கடைசியில் 'GO' பொத்தானை அழுத்தினால் அது அந்த வரிசைப்படியே இயங்கும்: முன்னே செல்லும் பொத்தானின் ஒவ்வோர் அழுத்தத்துக்கும் 15 செ.மீ. நகரும்; திரும்பும் பொத்தானுக்கு நின்ற இடத்திலேயே 90 பாகை திரும்பும்.

பழைய பிளெக்ஸ் பேனர் ஒன்றின் வெள்ளைப் பின்பக்கத்தில் 15 செ.மீ. கட்டங்கள் வரைந்து, வீடு, மளிகைக்கடை, கோயில், சயான் ரயில் நிலையம் என்று எழுதி வைத்தோம். வீட்டிலிருந்து கடைக்குப் போக மூன்று முறை முன்னே, ஒருமுறை வலது என்று அழுத்திய இரண்டாம் வகுப்புச் சிறுமி, தேனீ கடையின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு கட்டம் தள்ளியே நின்றுவிட்டதைக் கண்டு திகைத்தாள். நான் எதுவும் சொல்லவில்லை. அவளே எழுந்து பேனரின் மேல் நடந்து பார்த்துவிட்டு, "டீச்சர், திரும்புறதுக்கு ஒரு தடவை, போறதுக்கு ஒரு தடவை தனித்தனியா அழுத்தணும்" என்றாள். தவற்றைச் சிவப்பு மையால் சுழித்துக் காட்ட ஆசிரியர் தேவைப்படாத இந்த ஒரு நிமிடத்துக்காகவே இந்தக் கருவியை நான் மதிக்கிறேன். 1967இல் கல்வி ஆய்வாளர் சீமோர் பேப்பர்ட்டும் அவருடைய கூட்டாளிகளும் குழந்தைகளுக்காக உருவாக்கிய லோகோ என்ற கணினி மொழியில், கட்டளைப்படி நகர்ந்து கோடு வரையும் 'ஆமை'யும் இப்படித்தான், குழந்தை தன்னை அதன் இடத்தில் நிறுத்திப் பார்த்துக் கணக்கைக் கண்டுகொள்ள வழிசெய்தது.

சதுரம் போடச் சொன்னால் 'முன்னே, வலது' என்பதை நான்கு முறை பாட்டாகவே சொல்லி அழுத்துகிறார்கள். நான்கு திருப்பம் முடிந்ததும் தேனீ புறப்பட்ட திசையையே பார்த்து நிற்பதிலிருந்து 360 பாகை என்ன என்பது புரிந்துவிடுகிறது. புதிய மாதிரியில் ஒவ்வொரு பொத்தானுக்கும் குரலைப் பதிவு செய்யலாம் என்பதால், எங்கள் தேனீ தமிழிலேயே பேசுகிறது.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். அழிக்கும் பொத்தானை அழுத்தாவிட்டால் பழைய கட்டளைகளின் தொடர்ச்சியாகவே புதியவை சேரும்; அழுத்தியவற்றைத் திரும்பப் பார்க்க வழியும் இல்லை. ஆகவே, அம்புக்குறிகளை முதலில் தாளில் எழுதிவிட்டுத்தான் தேனீயைத் தொட வேண்டும் என்று விதி வைத்தேன். அந்தத் தாள்களே பிறகு பிள்ளைகளின் சிந்தனையை எனக்குக் காட்டின.

எனக்கு இணையத்தில் விற்ற கடைக்காரர் மின்னேற்றும் கம்பியை வைக்காமலே அனுப்பிவிட்டு, 3 வாரம் பதிலே தராமல் இழுத்தடித்தார். பெட்டி வந்த அன்றே திறந்து சரிபாருங்கள். இறக்குமதிப் பொருள் என்பதால் விலையும் நம் சிறு வகுப்புகளுக்குச் சுமைதான். ஆனாலும் ஒரு தேனீக்கு நான்கைந்து பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். எங்கள் 9 பேர் குழுவில் பின்வரிசைப் பிள்ளைகள் வெறுமனே வேடிக்கை பார்த்தார்கள்.

செங்கோணத்தைத் தவிர வேறு கோணத்தில் இது திரும்பாது. முக்கோணமும் அறுகோணமும் வரையவேண்டிய நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கு இதை வாங்க வேண்டாம், கணினியில் இலவசமாகக் கிடைக்கும், குழந்தைகள் கட்டளைகளை அடுக்கி நிரல் எழுதும் ஸ்கிராட்ச் என்ற மென்பொருளே போதும்.