ஜப்பானில் படிக்கப் போனால் எங்கே தங்குவது: ஹோம்ஸ்டேயா, ஹாஸ்டலா, தனி அறையா?

ஜப்பானுக்குப் படிக்கக் கிளம்புகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது வாடகையைப் பற்றித்தான். எனக்கோ, சாயங்காலம் களைத்துப் போய்த் திரும்பும்போது கதவைத் திறக்க யார் இருக்கிறார்கள் என்பதுதான் பெரிய கேள்வி. முதல் ஐந்து மாதம் டோக்கியோவை ஒட்டிய சைதாமாவில் ஒரு குடும்பத்தோடு, அதாவது ஹோம்ஸ்டேயில், இருந்தேன். அதன்பின் ஒரு வருடம் பல்கலைக்கழக ஹாஸ்டல், அப்புறம் தனி அறை.

செலவை மட்டும் பார்த்தால் ஹாஸ்டல்தான் மலிவு. ஆனால் பல இடங்களில் ஆறு மாதமோ ஒரு வருடமோதான் இடம் தருவார்கள். தனி அறைக்கு வாடகையைவிடக் கையைக் கடிப்பது முதல் மாதம்தான். 'ஷிகிகின்' என்ற அட்வான்ஸ், வீட்டுக்காரருக்கு 'ரெய்கின்' என்ற திரும்பி வராத பணம், புரோக்கர் கமிஷன், ஜாமீன் நிற்க ஆள் இல்லையென்றால் அதற்கென இருக்கும் கம்பெனிக்குக் கட்டணம். மாணவர் விசாவில் அனுமதி வாங்கினாலும் வாரத்துக்கு 28 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம் என்பதையும் கணக்கில் வையுங்கள். ஹோம்ஸ்டேயில் சாப்பாட்டையும் சேர்த்து வாங்கிக்கொள்வார்கள். நான் இருந்த வீட்டில் காலையும் இரவும் சாப்பாடு.

மொழி என்று வந்தால் மூன்றும் ஒன்றல்ல. ஹாஸ்டலில் பல நாட்டுப் பிள்ளைகளும் கூடினால் பேச்சு ஆங்கிலத்தில்தான் போகும். என் ஜப்பானிய மொழி அந்த ஒரு வருடம் அப்படியே நின்றது. வகுப்பில் 'தெஸ்', 'மாஸ்' என்று முடியும் மரியாதைப் பேச்சைச் சொல்லித் தருகிறார்கள். வீட்டுக்குள் அம்மாவும் பிள்ளைகளும் அப்படியா பேசிக்கொள்கிறார்கள்? மேடைத் தமிழை மட்டும் கற்றுக்கொண்டு மதுரை டவுன் பஸ்ஸில் ஏறியவன் போல முதல் இரண்டு வாரம் விழித்தேன். ஆனால் ஒரு வார்த்தை உடனே ஒட்டிக்கொண்டது. வெளியே கிளம்பும்போது அவர்கள் சொல்லும் 'இத்தெகிமாஸ்' அப்படியே நம் 'போயிட்டு வர்றேன்'. உள்ளேயிருந்து பதிலாக வரும் 'இத்தெராஷ்ஷாய்' நம் 'போயிட்டு வா'. தினமும் காலையில் அதைக் கேட்டுவிட்டு ரயிலுக்கு ஓடினேன். தனி அறையில் அதைச் சொல்லவும் ஆளில்லை, கேட்கவும் ஆளில்லை.

குளியலறையில்தான் பெரிய தவறு செய்தேன். தொட்டிக்கு வெளியே உடம்பைத் தேய்த்துக் கழுவிவிட்டு, சுத்தமாகச் சுடுநீரில் இறங்கி உட்கார வேண்டும். அதே தண்ணீரில்தான் வீட்டார் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக இறங்குவார்கள். விருந்தாளி என்று என்னை முதலில் அனுப்பினார்கள். நான் குளித்து முடித்து, நம் ஊர்ப் பழக்கத்தில் அடைப்பானைப் பிடுங்கிவிட்டேன். வீட்டம்மா, அவரை 'ஒகாசான்' (அம்மா) என்றுதான் கூப்பிடுவேன், ஒரு வார்த்தை கடியவில்லை. மறுபடி தண்ணீர் நிரப்பினார். மறுநாள் தொட்டியின் மூடியைக் கையில் கொடுத்து, குளித்ததும் சூடு போகாமல் மூடி வைக்கச் சொல்லித் தந்தார். தனி அறையில் குப்பையைத் தப்பாகப் பிரித்தபோது மூட்டை அங்கேயே கிடந்தது, மேலே ஒரு ஸ்டிக்கர், அவ்வளவுதான். தவறு எங்கே என்று சொல்ல ஒருவரும் இல்லை.

அதற்காக ஹோம்ஸ்டே எல்லோருக்கும் ஒத்துவரும் என்று சொல்ல மாட்டேன். இரவு சாப்பிட வரவில்லையென்றால் மாலைக்குள் சொல்லிவிட வேண்டும். நண்பர்களை நினைத்த நேரத்தில் கூட்டி வர முடியாது. வீடுகள் பெரும்பாலும் நகரத்துக்கு வெளியே என்பதால் ரயிலில் நேரம் போகும். இரவில் லேபில் வேலை இருக்கும் முதுகலை, பிஎச்டி மாணவர்களுக்கு ஹாஸ்டலே வசதி. சமைத்துச் சாப்பிட்டே ஆக வேண்டும் என்பவர்களுக்குத் தனி அறை சரி. டோக்கியோவின் ஷின்-ஓகுபோ பகுதிக் கடைகளில் பருப்பும் மசாலாவும் கிடைக்கும். இளங்கலைக்கோ மொழிப் படிப்புக்கோ முதல்முறை போகிறவர்கள் மட்டும் தயவுசெய்து முதல் சில மாதமாவது ஒரு குடும்பத்தோடு இருங்கள்.

சைவமாக இருந்தால் விண்ணப்பத்தில் 'மீன் சாப்பிட மாட்டேன்' என்று எழுதினால் போதாது. சூப்புக்கு அடியாக இருக்கும் 'தாஷி' பெரும்பாலும் மீன் சீவலில் எடுப்பது. அதுவும் வேண்டாம் என்று தனியாக எழுதுங்கள். ஒகாசான் அதைப் படித்துவிட்டு, நான் போய்ச் சேர்வதற்கு முன்பே கொம்பு என்ற கடற்பாசியை வாங்கி வைத்திருந்தார். ஐந்து மாதமும் என் மிசோ சூப் தனிச் சட்டியில் கொதித்தது.