டாக்கர் கன்டெய்னர் எந்த போர்ட்டில் இருக்கிறது? ஆறு வருடப் பயன்பாட்டு அனுபவம்

எங்கள் அலுவலகத்தில் இரண்டு லினக்ஸ் சர்வர்கள் இருக்கின்றன. இரண்டிலும் சேர்த்து நாற்பது கன்டெய்னர்கள் வரை ஓடும். கன்டெய்னர் என்பது, டாக்கர் என்ற மென்பொருள் ஒரு நிரலைத் தனியாக அடைத்து ஓட்டும் பெட்டி. ஆறு வருடங்களாக அவற்றைப் பராமரிப்பது என் பொறுப்பு. இந்தக் காலத்தில் என்னிடம் அதிகம் வந்த கேள்வி இதுதான்: "அண்ணா, இந்தக் கன்டெய்னர் எந்த போர்ட்டில் இருக்கிறது?"

போர்ட் என்பது ஒரு கணினிக்கு நெட்வொர்க் இணைப்புகள் வந்து சேரும் எண்ணிட்ட வாசல். கேட்பது ஒரு கேள்விதான், ஆனால் அதற்குள் மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. இமேஜை, அதாவது கன்டெய்னரை உருவாக்கும் அச்சை, தயாரித்தவர் எந்த போர்ட்டை எழுதி வைத்திருக்கிறார்? கன்டெய்னரை ஓடவிட்டவர் சர்வரின் எந்த போர்ட்டை அதோடு இணைத்திருக்கிறார்? உள்ளே ஓடும் நிரல் எந்த போர்ட்டில் காத்திருக்கிறது? மூன்றுக்கும் பதில் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. மூன்றையும் ஒரே இடத்தில் காட்டும் டாக்கர் கட்டளையும் கிடையாது. இதை உணர்ந்த நாளிலிருந்துதான் என் வேலை சுலபமானது. அதனால் ஒவ்வொரு கட்டளையையும் அது எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்பதை வைத்தே இங்கே எடைபோடுகிறேன்.

நான் தினமும் முதலில் தட்டுவது 'டாக்கர் பிஎஸ்'. ஓடிக்கொண்டிருக்கும் கன்டெய்னர்களை வரிசையாகக் காட்டும். அதில் போர்ட் பத்தியை நிதானமாகப் படிக்க வேண்டும். ஒரு வரியில் 0.0.0.0:8080->80/டிசிபி என்று இருந்தால், சர்வரின் 8080-க்கு வருவது கன்டெய்னரின் 80-க்குப் போகிறது என்று பொருள் (டிசிபி என்பது நெட்வொர்க்கில் தகவல் அனுப்பும் ஒரு முறை). இடப்பக்கம் இருக்கும் 0.0.0.0 சர்வரின் எல்லா ஐபிவி4 முகவரிகளையும் குறிக்கும். இன்னொரு வரியில் அம்புக்குறி இல்லாமல் வெறும் 80/டிசிபி என்று மட்டும் இருந்தால், அந்த போர்ட் அறிவிக்கப்பட்டிருக்கிறது, ஆனால் சர்வரோடு இணைக்கப்படவில்லை. வீட்டுக்குள் அறைக்கதவு இருக்கிறது, அதற்குத் தெருவாசல் வைக்கவில்லை என்பது போல. புதிதாக வருபவர்களில் பெரும்பாலோர் இந்த அம்புக்குறியைக் கவனிப்பதில்லை. நான் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் அதுதான்.

இந்தக் கட்டளையில் எனக்குப் பிடிக்காதது அதன் அகலம். ஐபிவி4, ஐபிவி6 என்ற இரண்டு முகவரி வகைகளுக்கும் தனித்தனியாக எழுதுவதால் ஒரே போர்ட் இரண்டு முறை வரும், டெர்மினலில் வரி மடிந்துவிடும். பெயரும் போர்ட்டும் மட்டும் வரும்படி 'ஃபார்மேட்' விருப்பத்தை வைத்து ஒரு சுருக்கப் பெயரை உருவாக்கிக்கொண்டேன். ஐந்து வருடங்களாக அதைத்தான் பயன்படுத்துகிறேன். 'பப்ளிஷ்' என்ற வடிகட்டியும் மிக உதவியானது. ஒரு கன்டெய்னரைத் தொடங்கும்போது அந்த போர்ட் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டுவிட்டது என்று பிழை வந்தால், அந்த எண்ணை வடிகட்டியில் கொடுத்தால் போதும். அதைப் பிடித்து வைத்திருக்கும் கன்டெய்னர் எது என்று உடனே தெரிந்துவிடும்.

'டாக்கர் போர்ட்' கட்டளைக்கு கன்டெய்னரின் பெயரைக் கொடுத்தால், இணைக்கப்பட்ட போர்ட்களை மட்டும் சுத்தமாகப் பட்டியலிடும். ஸ்கிரிப்ட் எழுதுவதற்கு இதைவிட நல்லது இல்லை. பெரிய எழுத்து 'பி' விருப்பத்தோடு கன்டெய்னரை ஓடவிட்டால், அறிவிக்கப்பட்ட எல்லா போர்ட்களுக்கும் டாக்கரே சர்வரில் ஏதோ ஒரு காலி எண்ணைக் கொடுக்கும். லினக்ஸில் அது வழக்கமாக 32768-க்கு மேல் இருக்கும். நிறுத்தித் தொடங்கினால் அந்த எண் மாறிவிடக்கூடும். சோதனைகளை இப்படித்தான் ஓட்டுகிறோம். எண்ணைத் தெரிந்துகொள்ள எங்கள் ஸ்கிரிப்ட் ஒவ்வொரு முறையும் 'டாக்கர் போர்ட்' இடம்தான் கேட்கிறது. குறை என்னவென்றால், நிறுத்தி வைத்த கன்டெய்னரைக் கேட்டால் இது ஒன்றும் சொல்லாது. அப்போது 'டாக்கர் இன்ஸ்பெக்ட்' தரும் நீண்ட வெளியீட்டில் 'போர்ட் பைண்டிங்ஸ்' என்ற பகுதியைத் தேட வேண்டும். தொடங்கும்போது நாம் கேட்டது என்ன என்பது அங்கே அப்படியே இருக்கும்.

இமேஜைத் தயாரிக்கும் கோப்பில் வரும் 'எக்ஸ்போஸ்' வரியைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். பெயரைப் பார்த்தால் அது போர்ட்டைத் திறந்துவிடுகிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். உண்மையில் அது ஒரு குறிப்பு. பயன்படுத்துபவருக்காக இமேஜைத் தயாரித்தவர் எழுதி வைத்த சீட்டு. அந்த வரி இல்லாவிட்டாலும் போர்ட்டை இணைக்கலாம், இருந்தாலும் தானாக இணையாது. மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தளத்தின் இமேஜில் 3306-ஓடு 33060-உம் அறிவிக்கப்பட்டிருக்கும். நிரல்களுக்கிடையே செய்தி கடத்தும் ரேபிட்எம்க்யூவின் இமேஜில் 4369, 5671, 5672 என்று தொடங்கி வரிசையாகப் பல எண்கள் வரும். நமக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் 5672 மட்டும்தான். அடிப்படை இமேஜில் அறிவித்த போர்ட்டை அதன்மேல் கட்டும் இமேஜில் நீக்கவும் வழியில்லை. ஆகவே ஒரு இமேஜைப் புதிதாக எடுக்கும்போது 'டாக்கர் இமேஜ் இன்ஸ்பெக்ட்' கொடுத்து அறிவிப்பைப் பார்ப்பேன். ஆனால் அதை ஒரு தகவலாக மட்டுமே எடுத்துக்கொள்வேன்.

என்னை மிகவும் உலுக்கிய சம்பவம் மூன்றாவது வருடத்தில் நடந்தது. சோதனைக்காக ஒரு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளக் கன்டெய்னரை ஓடவிட்டிருந்தோம். அமைப்புக் கோப்பில் 5432:5432 என்று, அதாவது சர்வரின் 5432-ஐக் கன்டெய்னரின் 5432-ஓடு இணைக்கும்படி, எழுதியிருந்தோம். வேண்டாத இணைப்புகளைத் தடுக்கும் சர்வரின் ஃபயர்வாலான யுஎஃப்டபிள்யூவில் 22, 80, 443 மூன்றை மட்டுமே அனுமதித்திருந்ததால் வெளியிலிருந்து யாரும் வர முடியாது என்று நம்பியிருந்தேன். வேறு ஏதோ காரணத்துக்காக அந்தக் கன்டெய்னரின் பதிவைத் திறந்தேன். கடவுச்சொல் தவறு என்ற வரி திரை முழுக்க இறங்கிக்கொண்டே இருந்தது. சில நொடிகளுக்கு ஒரு முயற்சி. எல்லாம் 'போஸ்ட்கிரெஸ்' என்ற பயனர் பெயரில். கடவுச்சொல் நீளமாக இருந்ததால் தப்பித்தோம். கன்டெய்னரை நிறுத்திய பிறகும் என் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

காரணம், போர்ட்டை இணைக்கும்போது டாக்கர் தானே ஐபிடேபிள்ஸ் (லினக்ஸின் பொட்டல வடிகட்டி) விதிகளை எழுதிவிடுகிறது. சர்வருக்கு வரும் பொட்டலத்தின் (நெட்வொர்க்கில் போகும் தகவல் துண்டின்) சேருமிட முகவரி நுழைவிலேயே கன்டெய்னரின் முகவரியாக மாற்றப்படுகிறது. அதன்பின் அது சர்வருக்கான பொட்டலம் அல்ல, கடந்துபோகும் பொட்டலம். யுஎஃப்டபிள்யூவில் நாம் வழக்கமாக எழுதும் விதிகளோ சர்வருக்கே வரும் பொட்டலங்களுக்கானவை, ஆகவே இது அவற்றின் கண்ணில் படுவதே இல்லை. இது டாக்கரின் ஆவணங்களிலேயே எழுதியிருக்கிறது. படிக்காதது எங்கள் தவறு. அன்றிலிருந்து சர்வருக்குள் மட்டும் தேவைப்படும் எந்த போர்ட்டையும் 127.0.0.1:5432:5432 என்று முகவரியோடுதான் எழுதுகிறோம். 127.0.0.1 என்பது லோக்கல்ஹோஸ்ட், அதாவது ஒரு கணினி தன்னையே குறிக்கும் முகவரி. அதோடு 'டாக்கர் பிஎஸ்' வெளியீட்டில் 0.0.0.0 என்று தொடங்கும் ஒவ்வொரு வரிக்கும், அது ஏன் வெளியே தெரிய வேண்டும் என்று யாராவது ஒருவர் காரணம் சொல்லியாக வேண்டும்.

லோக்கல்ஹோஸ்ட் முகவரியிலும் ஒரு நுட்பம் உண்டு. டாக்கரின் 28.0-க்கு முந்தைய பதிப்புகளில், ஒரே உள்ளூர் நெட்வொர்க்கில் இருக்கும் பக்கத்துக் கணினி, 127.0.0.1-இல் இணைத்த போர்ட்டையும் எட்ட வழி இருந்தது. 2025 பிப்ரவரியில் வந்த 28.0 அதை அடைத்தது. நான் பழைய பதிப்பிலிருந்து மாறியதற்கு இதுவே முதல் காரணம்.

மூன்றாவது கேள்விக்கு, அதாவது நிரல் எங்கே காத்திருக்கிறது என்பதற்கு, மேலே சொன்ன எந்தக் கட்டளையும் பதில் தராது. சில மாதங்களுக்கு முன் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் வந்தார். "அண்ணா, பிஎஸ்-இல் 5000 சரியாகத் தெரிகிறது, ஆனால் பக்கம் திறக்கவில்லை" என்றார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அம்புக்குறி சரியாக இருந்தது, ஆனால் இணைப்பு ஏற்பட்ட உடனே அறுந்தது. உள்ளே இருந்தது ஃபிளாஸ்கில் (பைதான் மொழியில் வலைப்பக்கம் எழுத உதவும் கருவி) எழுதிய சிறிய நிரல். இமேஜைச் சுருக்கிக் கட்டியிருந்ததால் உள்ளே எந்தக் கருவியும் இல்லை. இன்ஸ்பெக்ட் வழியாகக் கன்டெய்னரின் செயல்முறை எண்ணை எடுத்து, 'என்எஸ்என்டர்' மூலம் அதன் நெட்வொர்க் பகுதிக்குள் மட்டும் நுழைந்து, அங்கே, காத்திருக்கும் போர்ட்களைக் காட்டும் சர்வரின் 'எஸ்எஸ்' கட்டளையை ஓட்டினோம். ஒரே ஒரு வரி வந்தது: 127.0.0.1:5000.

அந்த வரியைக் காட்டி, "இந்த 127.0.0.1 யாருடையது?" என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "கன்டெய்னருடையது" என்றார். அவ்வளவுதான், அவருக்கே புரிந்துவிட்டது. நிரல் தன் வீட்டுக்குள் இருப்பவரிடம் மட்டும் பேசிக்கொண்டிருந்தது, சர்வரிலிருந்து வருபவர் அதற்கு வெளியாள். நிரலை 0.0.0.0-இல் கேட்கும்படி மாற்றியதும் பக்கம் திறந்தது. ஃபிளாஸ்கின் சோதனை சர்வர் இயல்பாக 127.0.0.1-இல் நிற்பதால், இந்தச் சிக்கலை நான் குறைந்தது பத்து முறையாவது பார்த்திருப்பேன்.

கன்டெய்னர் சர்வரின் நெட்வொர்க்கையே நேரடியாகப் பயன்படுத்தும் 'ஹோஸ்ட்' முறையிலும் இதே வழிதான். அங்கே பிஎஸ்-இன் போர்ட் பத்தி காலியாக இருக்கும், 'டாக்கர் போர்ட்' ஒன்றும் காட்டாது. காலியாக இருக்கிறதே என்று பாதுகாப்பாக நினைத்துவிடக் கூடாது. உள்ளே திறப்பது எல்லாம் சர்வரிலேயே திறக்கிறது. சர்வரில் எஸ்எஸ் ஓட்டினால்தான் தெரியும்.

இரண்டாவது சர்வரில் ஒரு வருடமாக டாக்கருக்கு மாற்றான போட்மேனைப் பயன்படுத்துகிறோம். அதன் 'போர்ட்' கட்டளைக்கு 'ஆல்' என்ற விருப்பம் இருக்கிறது. எல்லாக் கன்டெய்னர்களின் இணைப்புகளையும் ஒரே அடியில் கொட்டிவிடும். டாக்கரில் இதற்காக நான் ஒரு சுழற்சி எழுத வேண்டியிருக்கிறது. சிறிய வசதிதான், ஆனால் தினமும் பயன்படுகிறது.

சனிக்கிழமை காலையில் வீட்டு இணைப்பிலிருந்து எங்கள் இரண்டு சர்வர்களையும் திறந்த போர்ட்களைத் தேடும் என்மேப் கொண்டு 1 முதல் 65535 வரை சோதிக்கிறேன். டிசிபி அல்லாத மற்றொரு முறையான யூடிபி இதில் வராது, அதைத் தனியாக ஓட்ட வேண்டும், நேரமும் அதிகம் எடுக்கும். வந்த எண்களை எங்கள் பட்டியலோடு வரிக்கு வரி ஒப்பிடுவேன். சென்ற மாதம் பட்டியலில் இல்லாத 9000 ஒன்று வந்தது. பப்ளிஷ் வடிகட்டியில் அந்த எண்ணைக் கொடுத்ததும் கன்டெய்னரின் பெயர் கிடைத்தது, யார் ஓடவிட்டது என்பதும் தெரிந்தது. திங்கட்கிழமை வரை காத்திருக்கவில்லை. அவரை அழைத்துக் கேட்டுவிட்டு அப்போதே நிறுத்தினேன்.