முடிவைச் சொல்லாத கதைக்குறிப்பு: ஐஎம்டிபியா, விக்கிப்பீடியாவா?

ஒரு படத்தைப் பற்றி நாலு வரி எழுதவேண்டும், ஆனால் முடிவு கண்ணில் பட்டுவிடக் கூடாது என்றால் நான் முதலில் போவது ஐஎம்டிபி என்ற திரைப்படத் தகவல் தளத்துக்குத்தான். பக்கத்தின் மேலே இருக்கும் ஒன்றிரண்டு வரிக் குறிப்பு பெரும்பாலும் கதையின் தொடக்கத்தோடு நின்றுவிடும்; முழுக்கதை ‘சினாப்சிஸ்’ என்று தனியாக இருக்கிறது, அதைத் திறக்காமல் இருந்தால் போதும். குறை என்னவென்றால், இவற்றில் பல பயனர்கள் எழுதி அனுப்புபவை, அதனால் சின்னப் படங்களுக்குச் சில சமயம் விளம்பர வாசகமே அப்படியே கிடக்கும்.

ஆங்கில விக்கிப்பீடியா வேறு மாதிரி. ‘பிளாட்’ பகுதியில், வழக்கமாக 400 முதல் 700 சொற்களில், கொலைகாரன் யார் என்பது உட்பட முழுக்கதையும் வந்துவிடும், எச்சரிக்கை எதுவும் போடமாட்டார்கள். கலைக்களஞ்சியத்துக்கு அது சரி. ஆனால் திருப்பத்தை நம்பி நிற்கும் திரில்லரை இன்னும் பார்க்கவில்லை என்றால் அந்தப் பகுதியில் தலைவைத்துப் படுக்காதீர்கள்! இயக்குநர், இசையமைப்பாளர், வெளியான தேதி இதெல்லாம் சரிபார்க்க எனக்கு விக்கிதான், ஏனென்றால் தகவல் எங்கிருந்து வந்தது என்று அடிக்குறிப்பில் பார்த்துக்கொள்ளலாம். அதுவும் முதல் பத்தியும் பக்கவாட்டுப் பெட்டியும் மட்டும்; அப்புறம் கதையை என் சொற்களிலேயே எழுதிவிடுவேன்.